ஊசியில் இல்லாத நஞ்சு

1982 ஜூலை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், சான் ஓசே நகரம். சான்டா கிளாரா வேலி மருத்துவ மையத்தின் மனநலப் பிரிவில் 42 வயது ஆண் ஒருவர் கிடக்கிறார். கண் திறந்திருக்கிறது, இமை எப்போதோ ஒருமுறைதான் கொட்டுகிறது. கடைவாயில் எச்சில் வழிகிறது. கையைத் தூக்கிவிட்டால் விட்ட இடத்திலேயே நிற்கிறது. கேட்டால் பதில் இல்லை. மனச்சிதைவின் ஒரு வகையாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவரை அழைத்து வந்தார்கள். நோயாளியின் முழங்கையை அவர் மடக்கிப் பார்த்தார். துருப்பிடித்த பற்சக்கரம் போல அது விட்டுவிட்டு மடங்கியது. நடுக்குவாதம் எனப்படும் பார்கின்சன் நோயில் காணப்படும் விறைப்பு அது. ஆனால் பார்கின்சன் நோய் பல ஆண்டுகளில் மெல்ல மெல்லப் பிடிக்கும் நோய். இவருக்கோ சில நாட்களுக்கு முன்புவரை எதுவும் இல்லை. விரல் நுனிகள் லேசாக அசைவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து, கீழே தாளை வைத்தார்கள். நெடுநேரம் எடுத்து அவர் எழுதினார். எனக்கு என்ன ஆகிறதென்று தெரியவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரிகிறது, ஆனால் உடம்பில் அது வரமாட்டேன் என்கிறது என்பதே அவர் எழுதியதன் சாரம்.

மனம் முழுத் தெளிவோடு இருந்திருக்கிறது. சுற்றி நின்று பேசியவர்களின் ஒவ்வொரு சொல்லும் அவர் காதில் விழுந்திருக்கிறது.

அவருடைய தோழிக்கும் அதே நிலை. சற்றுத் தொலைவில் உள்ள வாட்சன்வில் என்ற ஊரில் இருபதுகளில் இருந்த சகோதரர்கள் இருவருக்கும் அதே நிலை. அனைவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: தெருவில் ‘புதிய ஹெராயின்’ என்று விற்கப்பட்ட ஒரு பொடியைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தகைய கடும் பாதிப்போடு ஏழு பேரைப் பிற்பாடு மருத்துவ இதழில் விவரித்தார்கள்.

மருந்தியலின் முதல் வகுப்பை நான் எப்போதும் இந்த நிகழ்விலிருந்துதான் தொடங்குகிறேன். மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்: “தலைவலி மாத்திரைக்குத் தலைக்குப் போக வேண்டும் என்று எப்படித் தெரியும்?” தெரியாது. மாத்திரைக்கு விலாசம் கிடையாது. இரத்தம் அதை ஏறக்குறைய எல்லா இடத்துக்கும் கொண்டு போகிறது. எங்கே உள்ளே விடுவது, எங்கே உருமாற்றுவது, எங்கே பிடித்து வைப்பது என்பதெல்லாம் உடலின் கையில்தான் இருக்கிறது. மருந்து உடலை என்ன செய்கிறது என்பதை மட்டும் படித்தால் பாதிதான் படித்திருக்கிறோம். உடல் மருந்தை என்ன செய்கிறது என்பது மறுபாதி. அந்த மறுபாதிதான் இந்த ஏழு பேரையும் படுக்கையில் தள்ளியது.

முதலில் அந்தப் பொடி என்ன என்பதைப் பார்ப்போம். அறுவைக்குப் பிறகு நோயாளிகளுக்குப் போடும் பெத்தடின் ஊசியைப் பலரும் அறிவார்கள். அதன் உறவினர் போன்ற ஒரு பொருள் எம்.பி.பி.பி.; 1947-இல் வலிநீக்கிகளைத் தேடியபோது உருவாக்கப்பட்டு, மருந்தாக வெளிவராமல் நின்றுபோனது. நரம்பணுக்களின் மேற்பரப்பில் ஓபியாய்டு ஏற்பிகள் என்று சில புரதங்கள் இருக்கின்றன. உடலே சுரக்கும் எண்டார்ஃபின்களுக்காக அமைந்தவை அவை. மார்ஃபின், ஹெராயின், பெத்தடின் எல்லாம் உருவப் பொருத்தத்தால் அதே இடத்தில் போய் உட்காருகின்றன. வலி மங்குகிறது, மனம் மிதக்கிறது, மூச்சு மந்தமாகிறது. ஒரே ஏற்பியின் மூன்று முகங்கள் இவை. எம்.பி.பி.பி.யும் அங்கேதான் உட்காரும். ஹெராயினின் இடத்தில் அதை விற்கலாம் என்று கள்ளச் சந்தை கணக்குப் போட்டதற்குக் காரணம் அதுவே.

ஆனால் அதன் தயாரிப்பில் கடைசிப் படி மிக நுட்பமானது. வெப்பமோ அமிலமோ கூடினால் மூலக்கூறின் ஒரு பகுதி கழன்றுவிடும். மிஞ்சுவது எம்.பி.டி.பி. என்ற வேறொரு பொருள். பெயரில் ஓர் எழுத்துதான் மாற்றம். ஆனால் ஓபியாய்டு ஏற்பியில் உட்கார உதவிய பகுதி போய்விட்டது. ஊசி போட்ட இடத்தில் எரிந்தது, வழக்கமான போதை போல இல்லை என்று அதைப் பயன்படுத்தியவர்கள் பின்னர் சொன்னார்கள். கலிபோர்னியாவில் கைப்பற்றிச் சோதித்த சில பொட்டலங்களில் எம்.பி.பி.பி. வெறும் சுவடாகத்தான் இருந்தது. கிட்டத்தட்ட எல்லாமே எம்.பி.டி.பி.

இது முதல் முறையும் அல்ல. 1976-இல் மேரிலாந்தில் 23 வயது வேதியியல் மாணவர் ஒருவர் தனக்காக எம்.பி.பி.பி. தயாரித்துப் பயன்படுத்தி வந்தார். பல மாதங்கள் எதுவும் ஆகவில்லை. ஒருமுறை அவசரத்தில் படிகளைச் சுருக்கினார். சில நாட்களில் உடல் விறைத்துப் பேச்சு நின்றது. பார்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா என்ற மருந்தைக் கொடுத்ததும் அசைவு திரும்பியது. அவருடைய கண்ணாடிக் குடுவைகளில் மிஞ்சியிருந்ததை ஆராய்ந்த அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தினர், அதில் எம்.பி.டி.பி.யும் இருப்பதைக் கண்டார்கள். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நிலையான பாதிப்பு எதுவும் தெரியவில்லை. 1978-இல் அந்த மாணவர் கோகெய்னால் இறந்தார். உடற்கூறாய்வில், நடுமூளையில் கருமையாகத் தெரிய வேண்டிய பட்டையில் நரம்பணுக்கள் அழிந்திருந்தன. 1979-இல் இதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. ஏறக்குறைய யாரும் கண்டுகொள்ளவில்லை. கலிபோர்னியாவில் நோயாளிகள் கிடந்தபோது நச்சியல் வல்லுநர் ஒருவருக்கு அந்தக் கட்டுரை நினைவுக்கு வந்தது. அங்கிருந்துதான் முடிச்சு அவிழ்ந்தது.

அந்தக் கரும்பட்டைக்கு சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று பெயர். அதன் நரம்பணுக்கள் டோபமின் என்ற செய்தி கடத்தும் பொருளைச் சுரந்து, அசைவைத் தொடங்கி வைக்கும் மூளைப் பகுதிக்கு அனுப்புகின்றன. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. இவை வெறும் சில இலட்சம். ஊசி வழியே போன பொருள் உடல் முழுக்கச் சுற்றியிருக்கிறது. கல்லீரல், இதயம், மூளையின் பிற பகுதிகள் எல்லாம் தப்பின. இந்தச் சில இலட்சம் மட்டும் ஏன் செத்தன? 1983-இல் லாங்ஸ்டன் குழுவினரின் கட்டுரை வெளிவந்த பின், மூன்றே ஆண்டுகளுக்குள் பல ஆய்வகங்கள் சேர்ந்து இதற்கு விடை கண்டன. மருந்தியல் வரலாற்றில் இவ்வளவு தெளிவாகத் துலங்கிய துப்பறிதல்கள் அதிகம் இல்லை என்பேன்.

முதல் வாசல், இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பு. மூளையின் நுண்குழாய்களில் சுவர்ச் செல்கள் இடைவெளியே இல்லாமல் நெருக்கித் தைத்தது போல இருக்கும். கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறுகள் அந்தச் செல்களின் சவ்வில் கரைந்தே உள்ளே போய்விடும். மின்னூட்டம் உள்ளவை வெளியே நின்றுவிடும். எம்.பி.டி.பி. கொழுப்பில் நன்றாகக் கரையும். நொடிகளில் உள்ளே போய்விடுகிறது. அந்த நேரத்தில் அது பெரிய கேடு எதுவும் செய்யாத பொருள். இதை அழுத்திச் சொல்கிறேன்: ஊசியில் இருந்தது நஞ்சே அல்ல.

இரண்டாவது வாசலில்தான் அது நஞ்சாகிறது. மூளையில் நரம்பணுக்களுக்குத் துணையாக இருக்கும் கிளியா செல்களில் மோனோஅமைன் ஆக்சிடேஸ்-பி என்ற நொதி இருக்கிறது. டோபமின் போன்றவை வேலை முடிந்ததும் அவற்றைச் சிதைத்து அப்புறப்படுத்துவது அதன் பணி. வீட்டைக் கூட்டுகிறவர் கையில் கிடைத்ததையெல்லாம் கூட்டுவது போல, எம்.பி.டி.பி.யையும் அது பிடித்து மாற்றுகிறது. விளைவது எம்.பி.பி. அயனி, நேர்மின்னூட்டம் கொண்டது. இப்போது அது மூளையைவிட்டு எளிதில் வெளியேறவும் முடியாது. நஞ்சைத் தயாரித்தது மூளையே.

மூன்றாவது வாசல் டோபமின் நரம்பணுவின் வாசல். இந்தச் செல்கள் சுரந்த டோபமினை வீணாக்குவதில்லை. கடத்திப் புரதம் ஒன்று அதை இறைத்து மீண்டும் உள்ளே எடுத்துக்கொள்ளும். கோகெய்ன் அடைப்பது இதே கடத்தியைத்தான். அடைபட்டதும் டோபமின் வெளியே தேங்குகிறது. அந்தத் தேக்கமே கோகெய்னின் போதை. எம்.பி.பி. அயனியை இந்தக் கடத்தி டோபமின் என்று எண்ணி ஆர்வமாக உள்ளே இழுக்கிறது. மற்ற செல்களிடம் இந்தக் கடத்தி இல்லை. ஆகவே அவை தப்பின. போதாக்குறைக்கு, அந்தப் பட்டைக்குக் கருமை தரும் நிறமி இந்த அயனியைப் பிடித்தும் வைத்துக்கொள்கிறது.

கடைசி இடம் மைட்டோகாண்ட்ரியா, செல்லின் ஆற்றல் உலை. எம்.பி.பி. அயனி அங்கே சேர்ந்து குவிந்து, ஆற்றல் தயாரிக்கும் தொடரின் முதல் கண்ணியை அடைக்கிறது. செல் பட்டினி கிடந்து சாகிறது.

இதெல்லாம் ஊகம் அல்ல. ஒவ்வொரு வாசலையும் தனித்தனியே பூட்டிப் பார்த்தார்கள். நொதியைத் தடுக்கும் செலிஜிலின், பார்ஜிலின் போன்ற மருந்துகளை முன்கூட்டியே கொடுத்தபோது, எம்.பி.டி.பி. கொடுத்த விலங்குகள் பிழைத்தன. டோபமின் கடத்தியை மாசின்டால் என்ற மருந்தால் அடைத்தபோதும் நரம்பணுக்கள் தப்பின. மருந்தியல் வகுப்பில் தனித்தனி அத்தியாயங்களாகப் படிக்கும் பரவல், வளர்சிதை மாற்றம், கடத்தி, இலக்கு எல்லாம் இங்கே ஒரே நூலில் கோத்த மணிகளாகத் தெரிகின்றன.

எலிகள் ஏன் தப்பின என்பதற்கும் விடை இதே வழியில்தான் கிடைத்தது. எலியின் மூளை நுண்குழாய்ச் சுவரிலேயே அந்த நொதி மிகுதியாக இருக்கிறது. எம்.பி.டி.பி. வாசலிலேயே மின்னூட்டம் பெற்றுவிடுகிறது; பிறகு உள்ளே போக வழியில்லை. அதே நொதி. மனித மூளையில் உள்ளறையில் இருந்து கேடு செய்தது, எலியில் வாயிலில் நின்று காவல் காத்தது. ஒரு பொருள் நஞ்சா இல்லையா என்ற கேள்விக்கு, எந்த உடலில், எந்த இடத்தில் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. குரங்குகளுக்கு மனிதர்களைப் போலவே ஆயிற்று. எலிகளில் ஒன்றும் ஆகவில்லை என்ற முந்தைய முடிவு எவ்வளவு ஆபத்தான ஆறுதல் என்பது அப்போதுதான் புரிந்தது.

சிகிச்சைக்கு வருவோம். டோபமின் இல்லை என்றால் டோபமினையே கொடுத்துவிட வேண்டியதுதானே? கொடுத்தால் அது மூளைக்குள் போகாது; தடுப்பு விடாது. இரத்த அழுத்தத்தை உயர்த்தத் தீவிர சிகிச்சைப் பிரிவில் டோபமின் ஏற்றுவது உண்டு. இதயமும் இரத்தக் குழாய்களும் அதை உணரும், மூளையின் கரும்பட்டைக்கு அதனால் பயனில்லை. ஆகவே அதற்கு ஒரு படி முந்தைய பொருளான லெவோடோபாவைக் கொடுக்கிறார்கள். அது ஓர் அமினோ அமிலம். நாம் உண்ணும் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களை மூளைக்குள் ஏற்றிச் செல்லும் கடத்தியிலேயே அதுவும் ஏறிப் போய்விடும். உள்ளே போனதும் டோபமினாக மாறும். வழியிலேயே மாறிவிடாதிருக்கக் கார்பிடோபா என்ற துணை மருந்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அந்தத் துணை மருந்து மூளைக்குள் போகாது. போகாததுதான் அதன் தகுதி.

அந்தக் கடத்தியில் இடம் குறைவு என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் பெரியப்பாவுக்கு நடுக்குவாதம். காலை 6 மணிக்கு மாத்திரை, 7 மணிக்குத்தான் இட்லி. ஒருநாள் வீட்டில் விசேஷம். மாத்திரையைத் தள்ளிப்போட்டு, வயிறு நிறையக் கொண்டைக்கடலைச் சுண்டலும் தயிர்ச்சாதமும் சாப்பிட்ட கையோடு போட்டுக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே கிளம்பச் சட்டை மாட்டினார். மூன்றாவது பொத்தானில் விரல் நின்றுவிட்டது. துளையைப் பார்க்கிறார், பொத்தானைப் பார்க்கிறார், விரல் நகரவில்லை. “பொறு, வரும்” என்றார் என்னிடம். கடலையின் அமினோ அமிலங்கள் வண்டியில் முந்திக்கொண்டன; லெவோடோபா நிறுத்தத்தில் காத்திருந்தது. கலிபோர்னியாவில் அந்த மனிதர் பென்சிலால் எழுதியது என்னவென்று அன்று எனக்கு உடம்பால் புரிந்தது.

இந்த லெவோடோபாவோடு நம் ஊருக்கும் தொடர்பு உண்டு. வேலியோரங்களில் படரும் பூனைக்காலிக் கொடியின் விதையில் அது இயற்கையாகவே இருக்கிறது. 1937-இலேயே தாமோதரன், இராமசாமி என்ற இருவர் சென்னையில் அந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அது மூளையில் என்ன செய்யும் என்று அப்போது உலகில் எவரும் அறியவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரிசர்பின் கொடுத்தார். அது நம் சர்ப்பகந்தா வேரிலிருந்து கிடைப்பது. நரம்பணுக்களில் டோபமினைச் சேமித்து வைக்கும் பைகளைக் காலி செய்துவிடும். முயல்கள் காது தொங்கி அசைவற்றுக் கிடந்தன. லெவோடோபா ஊசி போட்டதும் எழுந்து நடமாடின. அதிலிருந்து வளர்ந்த அறிவுக்காக 2000-இல் கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சான் ஓசே நோயாளிகளுக்கும் லெவோடோபா கொடுத்தபோது அப்படித்தான் ஆயிற்று. எழுந்தார்கள், பேசினார்கள், நடந்தார்கள். மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மருந்து வேலை செய்யும் நேரம் சுருங்கியது. வேலை செய்யும்போது கைகால்கள் தன்னிச்சையாக நெளிந்தன. சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரிந்தன. சாதாரணப் பார்கின்சன் நோயாளிகளுக்குப் பல ஆண்டுகளில் வருவது இவர்களுக்கு விரைவிலேயே வந்தது. காரணம் இதுதான்: நரம்பணு என்பது டோபமினைத் தயாரிப்பதோடு அளந்து விடுகிற இடமும்கூட. தேவைக்கு மேல் வந்தால் சேமித்து, குறைந்தால் விட்டுச் சமன் செய்யும். அந்த நரம்பணுக்கள் பெரும்பாலும் போய்விட்டால், மாத்திரை ஏறும்போது வெள்ளம், இறங்கும்போது வறட்சி. ஏற்பிகளும் இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன. இருவருக்குச் சுவீடனின் லுண்ட் நகரில் கருவின் மூளைத் திசுவை ஒட்டி வைத்துப் பார்த்தார்கள். நல்ல முன்னேற்றம் தெரிந்ததாக 1992-இல் எழுதினார்கள்.

அந்தப் பொடியைப் பயன்படுத்திய எல்லாரும் விழவில்லை. நூற்றுக்கணக்கானோர் அதைத் தொட்டிருந்தார்கள். வெளியே எந்தக் குறியும் இல்லாத நால்வருக்கு 1985-இல் பாசிட்ரான் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, மூளையில் டோபமின் தயாரிப்பு குறைந்திருப்பது தெரிந்தது. டோபமினில் ஏறக்குறைய 80 சதவீதம் போகும்வரை உடல் காட்டிக்கொடுக்காமல் சமாளிக்கும். மீதமுள்ள நரம்பணுக்கள் கூடுதலாக உழைக்கும். ஏற்பிகள் கூர்மை பெறும். அந்தக் கையிருப்பு தீரும் இடத்தில்தான் முதல் நடுக்கம் தெரிகிறது. ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்று சொல்லும், போதைப்பொருள் பயன்படுத்தும் எவரிடமும் நான் இந்த நால்வரைப் பற்றிச் சொல்லாமல் விடுவதில்லை.

செலிஜிலின் விலங்குகளைக் காத்தது என்றதும், அது பார்கின்சன் நோயையே தடுத்து நிறுத்தும் என்ற நம்பிக்கை எழுந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 800 நோயாளிகளிடம் பெரிய ஆய்வு நடந்தது. லெவோடோபா தேவைப்படும் நாளை அது தள்ளிப்போட்டது உண்மை. நரம்பணுக்களைக் காத்ததாலா, டோபமின் சிதைவதைக் குறைத்து அறிகுறியை மறைத்ததாலா என்பதைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. என் கருத்தில் இது தோல்வி அல்ல. எம்.பி.டி.பி. பாதிப்பும் பார்கின்சன் நோயும் ஒரே வீட்டில் முடிகின்றன; வந்த வழிகள் வேறு. பார்கின்சன் நோயாளிகளின் நரம்பணுக்களில் காணப்படும் லூயி உருண்டைகள் எனும் புரதத் திரட்டுகள் இவர்களின் மூளையில் இல்லை.

அந்த நிகழ்வு வேறு பக்கங்களிலும் கதவைத் திறந்தது. எம்.பி.பி. அயனியின் அமைப்பு களைக்கொல்லியான பாராகுவாட்டை ஒத்திருந்ததால், பூச்சி மருந்துகளுக்கும் பார்கின்சன் நோய்க்கும் உள்ள தொடர்பைத் தேடத் தொடங்கினார்கள். அந்தத் தேடல் இன்றும் தொடர்கிறது. வயலில் முகமூடி இல்லாமல் மருந்தடிக்கும் ஒவ்வொருவருக்கும் அது சொந்தச் செய்தி. சட்டமும் மாறியது: தடை செய்த பொருளை லேசாக மாற்றித் தப்புவதைத் தடுக்க 1986-இல் அமெரிக்கா தனிச்சட்டம் இயற்றியது.

பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசும்போது, போதைக்காரர்கள்தானே என்று ஒதுக்கும் குரலை நான் கேட்டிருக்கிறேன். தொழில் நிமித்தம் எம்.பி.டி.பி.யைக் கையாண்ட வேதியியலாளர் ஒருவருக்கும் இதே பாதிப்பு வந்தது. அவர் ஊசியே போட்டுக்கொண்டதில்லை. மூலக்கூறுக்கு ஆள் யார் என்பது தெரியாது.

1999-இல், இறந்துபோன மூவரின் மூளைகளை லாங்ஸ்டனும் குழுவினரும் ஆராய்ந்து எழுதினார்கள். அந்தப் பொருள் உடலில் தங்குவது சில நாட்கள்தான். மூவரும் அதன்பின் 3 முதல் 16 ஆண்டுகள் வரை வாழ்ந்திருந்தார்கள். கரும்பட்டையில் மிச்சமிருந்த நரம்பணுக்களைச் சுற்றி, மூளையின் காவல் செல்கள் இன்னும் கூட்டமாக, விழிப்போடு நின்றிருந்தன. எம்.பி.டி.பி. எப்போதோ போய்விட்டது, நரம்பணுக்கள் அப்போதும் இறந்துகொண்டிருந்ததற்கான தடயங்கள் அங்கே தெரிந்தன.